அச்சு அசல் மாசிலாமணி

செவ்வாய்க் கோளின் நான்காம் குவிமாடத்தில் ஒருவர் இறந்தால், பதினாறாம் நாள் காலை பத்து மணிக்கு அவரே எழுந்து நின்று வந்தவர்களை வரவேற்க வேண்டும். அதன் பிறகுதான் பந்தி. பூமியில் படத்திறப்பு என்று சொல்லி ஒரு புகைப்படத்துக்கு மாலை போட்டுவிட்டு வடையைத் தேடிப் போனார்களே, அதன் வளர்ச்சி இது. குவிமாடத்தின் சுவர்க்கண்கள் ஒவ்வொருவருடைய பேச்சையும் நடையையும் ஆயுள் முழுக்கப் பதிந்து வைக்கும். அந்தப் பதிவுகளிலிருந்து நினைவுரு செய்வார்கள். அது கேட்டதற்குப் பதில் சொல்லும், சிரிக்கும், தேவைப்பட்டால் கோபித்துக்கொள்ளும். நினைவுருவுக்கு முத்திரை விழுந்ததும் பழைய பதிவுகளை அழித்துவிடுவார்கள். உயிரோடு இருப்பவர்களுக்கே இடம் போதாத ஊரில் செத்தவர்களுக்கு இரண்டு நகல் எதற்கு?

பத்து மணிக்கு நாற்பது நிமிடம் இருக்கும்போது, வடிவு தன் சித்தப்பா மாசிலாமணியின் நினைவுருவைச் சரிபார்க்க வந்தாள். கூடவே அண்ணன் குமரேசன். பெற்றோர் இருவரும் ஒரே விபத்தில் போன பிறகு இவர்களை வளர்த்து ஆளாக்கியவர் சித்தப்பாதான்.

அறையின் நடுவே அவர் நின்றார். அதே சுருட்டை முடி, அதே சரிந்த தோள்.

"பேசச் சொல்லு" என்றாள், நினைவுருவைச் செய்துகொடுத்த செம்மைப்பொறியிடம்.

"ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம்!" என்றார் சித்தப்பா, செய்தி வாசிப்பவரைப் போல.

மாசிலாமணிக்குத் திக்குவாய். தன் பெயரைச் சொல்லி முடிக்கவே அரை நிமிடம் ஆகும். அப்படிப்பட்ட மனிதர் பார்த்த வேலை கீரை ஏலம் விடுவது! ஒரு தரம், ரெண்டு தரம் வரை வழுக்கிக்கொண்டு வருவார். மூன்றில் சிக்கும். "மூ... மூ..." என்று அவர் நிற்கிற நேரத்தில், கீரை கைவிட்டுப் போய்விடுமோ என்று பயந்து ஏலம் கேட்பவர்கள் தாங்களே விலையை ஏற்றுவார்கள். விவசாயிகள் அவரைத் தவிர வேறு ஆளிடம் ஏலத்தைக் கொடுத்ததில்லை. காதலித்துக் கல்யாணம் செய்தார். நாடகத்தில் ராஜா வேஷம் கட்டினார். தெருச்சண்டையில் அவர் ஒரு வசவை முடிப்பதற்குள் எதிராளி சமாதானத்துக்கு வந்துவிடுவான். நாக்கில் சின்னதாக ஒரு சில்லு பொருத்தினால் பத்து நிமிடத்தில் சரியாகும் என்று வைத்தியர் சொன்னபோது, "எ... எனக்கு என்ன அ... அவசரம்?" என்று கேட்டவர் அவர்.

"இது எங்க சித்தப்பா இல்ல" என்றாள் வடிவு.

இடுப்பளவு உயரமிருந்த செம்மைப்பொறி பணிவாகத் தலையசைத்தது. "பேச்சிலிருந்த பதினோராயிரம் பிழைகளை நீக்கியிருக்கிறேன், அம்மா. இலவசச் சேவை."

"பிழையா? எல்லாத்தையும் திரும்பப் போடு."

"வாரிசுகள் இருவரும் விரல் வைக்க வேண்டும். முத்திரைக்கு இன்னும் முப்பத்தொரு நிமிடம்."

வடிவு விரலை வைத்தாள். குமரேசன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"இப்படியே இருக்கட்டும் வடிவு."

"என்னண்ணே சொல்ற?"

"உசிரோட இருந்தப்பதான் ஊரு சிரிச்சுது. இனியாவது தடங்கல் இல்லாம பேசட்டுமே."

"யாரு சிரிச்சா? ஏலத்துல ஒருத்தராவது சிரிச்சிருப்பாங்களா?"

வடிவு கெஞ்சினாள், திட்டினாள், மறுபடி கெஞ்சினாள். கல்லில் நார் உரித்தாலும் உரிக்கலாம் போலிருந்தது. "இருபது நிமிடம்" என்றது பொறி.

"என் கல்யாணத்துல" என்றான் குமரேசன் கடைசியில். "பொண்ணு வீட்டுக்காரங்க முன்னாடி என் பேரைச் சொல்ல வந்தாரு. 'கு... கு...'ன்னு நின்னுட்டாரு. அவங்க சிரிச்சாங்க. நானும் கூடச் சேர்ந்து சிரிச்சேன். அவரு என்னைப் பார்த்தாரு, வடிவு."

வடிவுக்குக் கோபமும் இரக்கமும் ஒன்றாக வந்தன. வாய்க்கு முதலில் வந்தது கோபம்தான். "அது நீ செஞ்ச தப்பு. அதை மறைக்க அவரு நாக்கை அறுக்கணுமா?"

குமரேசன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பன்னிரண்டு நிமிடம். இன்னும் பன்னிரண்டு நிமிடத்தில் சித்தப்பாவின் குரல் பிரபஞ்சத்தில் எங்கேயும் இருக்காது.

"பழைய ஏலம் ஒண்ணு போடு" என்றாள் பொறியிடம்.

சந்தை இரைச்சல் அறையை நிறைத்தது. அதற்கு மேலே அந்தக் குரல். "ஒரு தரம்! ரெண்டு தரம்! மூ..." சந்தை அடங்கியது. "மூ... மூ..." யாரோ பதறி விலையை ஏற்றினார்கள். மறுபடி முதலிலிருந்து. மறுபடி மூன்றில் வந்து நின்றது. குமரேசனின் உதடுகள் தானாகக் குவிந்தன. "மெதுவாச் சொல்லுங்க சித்தப்பா" என்று முணுமுணுத்தான்.

"...ணு தரம்!"

குமரேசன் உடைந்து அழுதான். அழுதுகொண்டே விரலை வைத்தான்.

பதினோராயிரம் திக்கல்களும் திரும்பி வந்து சேர்ந்தபோது நான்கு நிமிடம் மிச்சமிருந்தது. "வேறு திருத்தம் ஏதேனும்?" என்றது பொறி.

"ஒண்ணும் வேண்டாம். அவரு எப்படி இருந்தாரோ அப்படியே இருக்கணும்."

கதவு வரை போன வடிவு திரும்பிப் பார்த்தாள். தலையைச் சாய்த்து மறுபடி பார்த்தாள்.

"முகம் மட்டும் ரொம்பக் கறுப்பாத் தெரியுது. கொஞ்சம் கலர் ஏத்திடு."

பொறி ஒரு கணம் தயங்கியது. "அது அவருடைய நிறம், அம்மா. அதில் பிழை எதையும் நான் காணவில்லை."

"தெரியும்ப்பா. நாலு பேரு பாக்கறதில்லையா?"

"ஆமாமா, மாநிறமாவது இருக்கட்டும்" என்றான் குமரேசன். இந்த முறை அவன் விரல்தான் முதலில் விழுந்தது.

முத்திரையும் விழுந்தது. பழைய பதிவுகள் அழிந்தன.

பத்து மணிக்குக் கூடத்தில் நிற்க இடமில்லை. கோதுமை நிறத்தில் மாசிலாமணி எழுந்து கைகூப்பினார். "வ... வ..." என்று நின்றார். ஒருவரும் சிரிக்கவில்லை. வணக்கம் முழுசாக வந்து சேர்ந்தபோது பாதிக் கூடம் அழுதுகொண்டிருந்தது.

"அச்சு அசல் அவரேதான்!" என்று நாற்பது வருடம் அவரிடம் கீரை ஏலம் எடுத்த பெண் வடிவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பின்னே? நான் ஒண்ணைக்கூட மாத்த விடலையே" என்றாள் வடிவு, கண்ணைத் துடைத்துக்கொண்டு.