முப்பத்தேழாவது உறை

முப்பத்தேழாம் எண் கோப்பிலிருந்த இரத்த அழுத்தத் தாளில் மணிக்கு ஒன்றாக ஒன்பது வரிகள்தாம் இருந்தாக வேண்டும். ஏனெனில் அந்தச் சிசு ஒன்பது மணி நேரந்தான் உயிரோடிருந்தது. மருத்துவர் மூன்றாம் முறையாக விரல்வைத்து எண்ணினாள். பத்து. பத்தாம் மணிக்கு நேரே இருபத்திரண்டு என்ற அளவு அவளுடைய கையெழுத்திலேயே எழுதப்பட்டிருந்தது. இரண்டின் வாலை மேல்நோக்கிச் சுழிக்கும் அவள் பழக்கம்கூடப் பிசகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம். பச்சிளங்குழந்தைகள் பிரிவை ஒட்டியிருந்த ஆய்வறையில் சன்னல் திரையை இழுத்துவிட்டிருந்தாள். சோபாவில் தங்கையின் இரண்டு வயது மகள் போர்வைக்குள் தூங்கிக்கொண்டிருந்தாள். கை துடைக்கும் ஸ்பிரிட்டின் குளிர்ந்த நெடியும், அட்டைக் கோப்புகளின் புழுங்கிய வாடையும், சுவருக்கு அப்பால் கண்காணிப்புக் கருவிகள் ஒன்று மாற்றி ஒன்றாக எழுப்பும் மெல்லிய ஒலியும், திரையின் ஓரத்தில் கசிந்து தரையில் நீண்டு கிடந்த வெளிச்சக் கீற்றும் தவிர அந்த அறையில் வேறெதுவும் இல்லை.

“இப்பத்தான் தூங்கியிருக்கா அக்கா, எழுப்பிடாத. எழுந்தா உன் ஆராய்ச்சித் தாளெல்லாம் கிழிச்சு சுவத்துல ஒட்டிடுவா” என்று சொல்லிவிட்டுத் தங்கை கடைக்குப் போய் அரைமணி ஆகியிருந்தது.

பிறந்ததும் இரத்த அழுத்தம் தாழ்ந்துபோகும் குறைமாதக் குழந்தைகளுக்குப் பழைய மருந்து உதவுமா, புதிய மருந்து உதவுமா என்பதே ஆய்வு. எவருக்கு எது என்பதை மருத்துவர் தேர்ந்தெடுக்கக் கூடாது. குழந்தைகள் வரும் வரிசையில், எண்ணிட்டு ஒட்டப்பட்ட உறைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, உள்ளே எழுதியிருப்பதைக் கொடுக்க வேண்டும். இரண்டு ஆண்டுகளுக்கு முன் தங்கையின் குழந்தை எண்ணூறு கிராமில் பிறந்த அன்று, பணியிலிருந்த ஒரே மருத்துவர் அவள்தான். அந்தக் குழந்தைக்கு வரவேண்டிய முப்பத்தேழாவது உறையை எக்ஸ்ரே பார்க்கும் விளக்குப் பலகையின்மேல் வைத்தாள். ‘பழையது’ என்ற எழுத்துகள் காகிதத்துக்குள்ளிருந்து நிழலாக மேலே வந்தன. அவளுக்கோ புதியதன்மேல்தான் நம்பிக்கை. அடுத்த உறையை வைத்தாள். ‘புதியது.’ அதைப் பிரித்தாள்.

ஒரு மணி நேரம் கழித்து வந்த, லாரி ஓட்டுநர் ஒருவரின் மகனுக்கு முப்பத்தேழு போய்ச் சேர்ந்தது. அவன்தான் முதலில் வந்ததாக நேரங்களை மாற்றி எழுதினாள்.

“நல்ல மருந்துதானே டாக்டர்?” என்று ஓட்டுநர் கேட்டார்.

“நல்ல மருந்துதான்” என்றாள்.

அந்த மருந்தால்தான் அவன் பிழைக்கவில்லையா என்பது இன்றுவரை அவளுக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் ஆய்வே. தெரிந்தது ஒன்றுதான்: அந்த உறை அவனுடையதன்று.

தொலைபேசி ஒலித்தது. ஆய்வின் கணக்குகளைப் பார்க்கும் புள்ளியியலாளர்.

“டாக்டரம்மா, நாளைக்கு அறிக்கை போகணும். உங்க உறுதிமொழி மட்டும்தான் பாக்கி. நான் வந்து கால்ல விழுந்தாத்தான் கையெழுத்துப் போடுவீங்களா?”

“இன்னைக்கே அனுப்பிடறேன்.”

“உறை வரிசையெல்லாம் ஒழுங்காப் போச்சுல்ல? ரெண்டு மருந்துக்கும் வித்தியாசம் மயிரிழைதான் இருக்கு. ஒரு குழந்தை அங்க இங்க மாறினாலும் முடிவு தலைகீழாயிடும். இதை நம்பித்தான் எல்லாரும் மருந்து குடுக்கப்போறாங்க.”

“ஒண்ணு சொல்லணும்…”

“சொல்லுங்க.”

சொன்னால் ஆய்வு போகும், வேலை போகும். அவற்றைத் தாங்கிக்கொள்ளலாம். ஆனால் தன் மகளைத் தூக்கும் ஒவ்வொரு தடவையும் தங்கை இன்னொரு வீட்டுப் பிள்ளையின் கனத்தையும் சேர்த்துத் தூக்குவாள். சோபாவில் குழந்தை புரண்டது. தூக்கத்திலேயே “பெரிம்மா” என்றது.

“ஒண்ணுமில்ல. சாயங்காலத்துக்குள்ள வந்துடும்.”

தொலைபேசியை வைத்துவிட்டுத் திரும்பினாள். தாளில் பன்னிரண்டு வரிகள் இருந்தன.

பதினொன்று: இருபத்தொன்று. பன்னிரண்டு: இருபது. மருந்து என்ற பத்தியில் ஒரே சொல்: காத்திருக்கிறது.

தாளைப் புரட்டினாள். பின்பக்கமும் நிரம்பியிருந்தது. அடியில் இன்னொரு தாள். அதனடியில் இன்னொன்று. காலையில் விரல் கனமிருந்த கோப்பு இப்போது மேசையிலிருந்து ஒரு சாண் எழும்பியிருந்தது. இரண்டு ஆண்டுகள். மணிக்கு ஒரு வரி. பத்தொன்பது. பதினெட்டு. மீண்டும் பத்தொன்பது. எங்கும் பூஜ்யம் இல்லை. எல்லா வரியிலும் அவள் கையெழுத்து. எல்லா வரியிலும் அதே சொல்.

கடைசி வரியின் மை இன்னும் காயவில்லை.

கையெழுத்துப் போட்டுவிட்டால் கோப்பு மூடப்படும், மூடினால் நின்றுவிடும். வேறு எண்ணம் எதுவும் அவளுக்குள் எழவில்லை. உறுதிமொழித் தாளை இழுத்தாள். ‘குழந்தைகள் வந்த வரிசையிலேயே உறைகள் பிரிக்கப்பட்டன.’ பேனா வழுக்கியது. உள்ளங்கையைப் புடவையில் துடைத்தாள். கையெழுத்தைப் போட்டாள்.

சுவருக்கு அப்பால் எல்லா ஒலிகளும் நின்றன.

கோப்பு ஒடுங்கியிருந்தது. ஒரே தாள். எண்ணினாள். ஒன்பது வரிகள். அப்பாடா. ஒன்பதாம் வரியில் பூஜ்யம். எடை: எண்ணூறு கிராம். தாயின் பெயர் என்ற இடத்தில் தங்கையின் பெயர்.

முப்பத்தெட்டாம் எண் கோப்பைப் பிரித்தாள். ஓட்டுநரின் மகன். நலமுடன் வீடு திரும்பினான்.

சோபாவின் பக்கம் பார்க்கக் கூடாது.

பார்த்தாள்.

போர்வை தட்டையாகக் கிடந்தது. எடுத்தாள். கவுன் இருந்தது; பூப்போட்ட, இரண்டு வயதுக்கான கவுன். அதன் கழுத்துக்குள் வெகு ஆழத்தில், கட்டைவிரல் நீளமுள்ள ஒரு கை.

வெளியே செருப்புச் சத்தம். கதவின் கைப்பிடி இறங்கியது.

“அக்கா, முழிச்சுட்டாளா?”

நனைந்த காகிதம்போன்ற தோலினூடே நரம்புகள் நீலமாகத் தெரிந்தன. கன்னங்களில் பிளாஸ்திரி பிய்த்த தடம். தொப்புளில் செருகிய மெல்லிய குழாய் கவுனின் விளிம்பைத் தாண்டி, எதனோடும் இணையாமல், சோபாவின் ஓரத்தில் தொங்கியது. அதன் நுனியிலிருந்து மருந்து சொட்டிக்கொண்டிருந்தது.