சாக மறந்த நரம்புகள்

செல் வளர்க்கும் பெட்டி எப்போது நின்றுபோனதென்று அவளுக்குத் தெரியவில்லை. தம்பியின் படுக்கையே கதியென்று கிடந்ததில் ஆய்வகத்தையே மறந்திருந்தாள். கதவைத் திறந்ததும் அழுகல் வாடை முகத்தில் அறைந்தது. தட்டுகளில் ஊட்டநீர் மஞ்சளாய்க் கலங்கி, ஓரமெல்லாம் பூசணம் பூத்திருந்தது. எல்லாம் செத்திருக்க வேண்டும். ஆனால் நரம்பின் துடிப்பைச் சத்தமாக்கிக் காட்டும் சின்ன ஸ்பீக்கரின் ஒயரைக் கடைசித் தட்டில் வைத்ததும், யாரோ சருகின்மேல் நடப்பது போல அது சலசலத்தது.

வைரஸ் மரபணு சேர்த்த தட்டு அது.

நோயுற்ற நரம்பு செல் தன்னைத்தானே மாய்த்துக்கொள்ளும். உள்ளே குடியிருக்கும் வைரஸ் அதை விடாது; வீடு இடிந்தால் தனக்கேது இடம்? சாகவிடாமல் பிடித்துவைக்கும் அந்த மரபணுவைத்தான், நரம்புகள் ஒவ்வொன்றாய்ச் செத்துக்கொண்டிருந்த தம்பிக்கு, யாருக்கும் தெரியாமல் அவளே ஏற்றியிருந்தாள். "போடுக்கா. எப்படியும் போற உசுருதானே" என்று அவன் சிரித்தான்.

முந்தாநாள் நெஞ்சில் சளி கட்டி அவன் மூச்சு நின்றது.

கைப்பேசி அதிர்ந்தது. அம்மா.

"அண்ணன் வந்துட்டான்டி. நாளைக்குக் காலையில எரிச்சிடலாம்ங்கறான். நீ எங்கடி இருக்க?"

அவள் அழைப்பைத் துண்டித்தாள். ஸ்பீக்கரைப் பைக்குள் திணித்துக்கொண்டு ஆஸ்பத்திரிப் பிணவறைக்கு ஓடினாள்.

தம்பி கிடந்த இழுப்பறையைக் காவலாளி இழுத்தார். "சீக்கிரம் பாத்துட்டு வாங்கம்மா" என்று வாசலுக்குப் போய்விட்டார். மருந்து நெடி. எங்கோ சொட்டும் தண்ணீர். ஸ்பீக்கர் ஒயரின் முனையிலிருந்த ஊசியை அவன் பிடரியில் செருகினாள். தோல் ஈரக் களிமண்ணாய்க் குளிர்ந்திருந்தது.

அமைதி.

அப்பாடா, என்று மூச்சு விட்டாள்.

பிறகு சலசலப்பு.

"தம்பி... அக்காடா."

சத்தம் நின்றது. கேட்பது போல.

"வலிக்குதாடா?"

தகரக் கூரையில் கல்மழை போல ஸ்பீக்கர் படபடத்தது. நிற்கவில்லை. ஓங்கியது. அலறியது.

"என்னம்மா சத்தம் அது?" வாசலிலிருந்து காவலாளி.

ஒயரைப் பிடுங்கினாள்.

"ஒண்ணுமில்லண்ணா."

அவர் வந்தார். இழுப்பறையைத் தள்ளினார். மெல்ல. கால்கள் உள்ளே. மார்பு உள்ளே. முகம் மட்டும் வெளிச்சத்தில்.

ஒட்டிப்போன இமைகளுக்கு அடியில், இடமும் வலமுமாக, விழிகள் அவளைத் தேடிக்கொண்டிருந்தன.