அட்டைக்குப் பின்னால்

அந்த நாய் வீட்டுக்கு வந்ததற்கு முழுக் காரணம் காதுக்காரனின் வாய்தான்.

கடைத்தெருவில் அவனுக்கு ஒரு சின்னக் கடை. காது மந்தமானவர்களுக்குக் கருவி பொருத்திக் கொடுப்பது தொழில். பெயர்ப்பலகையில் என்னென்னவோ பெரிய வார்த்தைகள் போட்டிருந்தான். ஜனங்கள் அதையெல்லாம் தள்ளிவிட்டுக் 'காதுக்காரர்' என்று சுருக்கிவிட்டார்கள். கருவியை மாட்டிவிட்டதும் ஒரு சோதனை உண்டு. உதட்டைப் பார்த்து ஊகித்துவிடக் கூடாது என்பதற்காக, வாய்க்கு நேராக ஒரு வெள்ளை அட்டையைப் பிடித்துக்கொண்டு, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத வாக்கியங்களைச் சாதாரணக் குரலில் சொல்வான். எதிரே இருப்பவர் அதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். 'ஈரத்துணி கொடியில் காயுது.' 'மாடிப்படியில் பந்து உருளுது.' 'பச்சை விளக்கு எரியுது.' வருடக்கணக்காக இதையே சொல்லிச் சொல்லி அவனுக்கே அலுத்துப்போய், நடுநடுவே சொந்தச் சரக்கு ஒன்றைச் செருகிவிடுவான். 'உங்க மாப்பிள்ளைக்கு வழுக்கை விழுது' என்று ஒருமுறை சொன்னபோது, அந்த மாப்பிள்ளையே பின்னால் நின்றிருந்தார். அப்போதும் அவனுக்குப் புத்தி வரவில்லை.

அன்றைக்கு உட்கார்ந்திருந்தவர் ஒரு பெரியவர். ஆயுசு முழுக்க பாய்லர் பக்கத்தில் நின்று காதைத் தொலைத்தவர். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டார். தனியாக இருந்த வீட்டைக் காலி செய்துவிட்டு மகன் வீட்டுக்குக் குடிபோகிறார். அந்தக் குடியிருப்பில் நாய்க்கு இடமில்லை. அவருடைய நாயோ சும்மா குரைக்கிற நாய் இல்லை; மணி அடித்தாலும், குக்கர் கூவினாலும் வந்து அவரை இடித்துக் கூட்டிப்போகும்படி பழக்கிய நாய். "இத்தனை நாளா அதுதான் தம்பி எனக்குக் காது" என்று சொல்லிச் சொல்லி மூக்கை உறிஞ்சினார்.

மூன்று வாக்கியங்களையும் பெரியவர் பள்ளிக்கூடப் பையன்போல ஒப்பித்தார். நான்காவதாக, அட்டைக்குப் பின்னாலிருந்து காதுக்காரன் சொன்னான்: "உங்க நாயை நானே வச்சுக்கிறேன். கவலைப்படாதீங்க."

பெரியவர் திருப்பிச் சொல்லவில்லை. அட்டையோடு சேர்த்து அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "நெஜமாவா தம்பி?"

'ஐயா, இது டெஸ்ட்டு' என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வாயையும் திறந்தான். ஆனால் எத்தனையோ காலத்துக்குப் பிறகு அந்த மனுஷர் காதில் தெளிவாக விழுந்த முதல் நல்ல சேதி அது. அதைப் போய் விளையாட்டு என்று எப்படிச் சொல்வது? திறந்த வாயை மூடிக்கொண்டான்.

"மளிகை வாங்க அனுப்பினா பாதியை மறந்துட்டு வர்ற ஆளு," என்றாள் மனைவி, வாசலில் நின்ற நாயைப் பார்த்து. "இதை மட்டும் எப்படிங்க மறக்காம கொண்டு வந்தீங்க?"

மண் நிறம். முகவாயில் நரை. நல்ல ஆகிருதி. கூச்சல் இல்லை, குதியாட்டம் இல்லை. உள்ளே வந்து ஒவ்வொரு அறையாக மோந்து பார்த்துவிட்டு, கூடத்தின் நடுவில் உட்கார்ந்துகொண்டது. இரண்டே நாளில் மனைவி அதற்கு 'மேனேஜர்' என்று பெயர் வைத்துவிட்டாள். "வருது, முட்டியில ஒரு இடி இடிக்குது, திரும்பிப் பாக்காம நடக்குது. நாம வாயைப் பொத்திக்கிட்டுப் பின்னாலயே போகணும். எங்க மருந்துக்கடை மேனேஜரும் அச்சு அசல் இப்படித்தான்."

கோளாறு தொடங்கியது ஒரு சாயங்காலம். மனைவிக்கு மருந்துக்கடையில் மாலை ஷிஃப்ட். ஜன்னலுக்கு வெளியே வெளிச்சம் பழுப்பேறிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டில் யாரோ பாத்திரம் கழுவும் ஓசையும், தெருக்கோடியில் ஏதோ வண்டி கிளம்பாமல் இருமுகிற ஓசையும் வந்து வந்து அடங்கின. காதுக்காரன் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தபோது, அவன் மணிக்கட்டின் மேல் வெதுவெதுப்பாக, ஈரமாக, மெத்தென்று எதுவோ மூடிக்கொண்டது. துள்ளி எழுந்தான். மேனேஜர் அவன் கையை வாயில் வைத்திருந்தது. கடிக்கவில்லை. பல் பட்டும் படாமல் கவ்வி இழுத்தது. வாசலுக்கு அல்ல, சமையலறைக்கும் அல்ல. பின்னறைக்கு.

பின்னறை என்பது பேருக்குத்தான் அறை. வேண்டாத சாமான்களின் முகாம். ஒரு சுவர் முழுக்க, வீட்டுச் சொந்தக்காரர் காலத்து மர அலமாரி, ஆள் உயர இரட்டைக் கதவோடு. பழைய காகிதமும் நாப்தலின் உருண்டையும் கலந்த வாடை. மேனேஜர் அந்த அலமாரிக்கு முன்னால் போய் அவன் கையை விட்டது. பிறகு அவனுக்கும் கதவுக்கும் குறுக்கே தரையோடு தரையாகப் படுத்து, முகவாயை சிமெண்டில் அழுத்திக்கொண்டது.

கதவைத் திறந்தான். பெட்டிகள், ரஜாய்ப் போர்வை, இறக்கை உடைந்த மின்விசிறி. காது கொடுத்துக் கேட்டான். ஒன்றுமில்லை. ஒரு பல்லி கூட இல்லை.

மறுநாளும் அதே. அதற்கு மறுநாளும். மனைவி வீட்டில் இருந்தால் மேனேஜர் கூடத்தில் காலை நீட்டிப் படுத்து, உலகத்திலேயே சாதுவான பிராணி நானே என்பதுபோல் கொட்டாவி விடும். அவள் செருப்பு மாட்டிக்கொண்டு படியிறங்கின சற்றைக்கெல்லாம் மணிக்கட்டில் ஈரம்.

எலியாக இருக்கும் என்று பொறி வைத்தான். பொறியில் அவன் கால் கட்டைவிரல்தான் மாட்டியது. குழாயில் காற்று ஏறுகிறதோ என்று பிளம்பரைக் கூப்பிட்டான். சுவரைத் தட்டிப் பார்த்த பிளம்பர், "சத்தம் வரும் சார். சமயத்துல வராமலும் இருக்கும்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுக் கூலி வாங்கிக்கொண்டு போனான். கால்நடை மருத்துவர் நாயின் காதை விளக்கடித்துப் பார்த்து, "வயசாகுதில்ல" என்றார். யாருக்கு என்று சொல்லவில்லை. பெரியவரின் மகனுக்கு ஃபோன் போட்டால், "அப்பாகிட்டதான் சார் கேக்கணும்." சரி, அப்பாவிடம் கொடுங்கள். "அப்பா மிஷினைக் கழட்டிப் பெட்டியில வச்சுட்டாரு சார், ஃபோன்ல பேச முடியாது." பெட்டியிலிருந்து எடுத்து மாட்டச் சொல்லுங்கள். "சொன்னா அவருக்குக் கேக்கலையே சார்."

காதுக்காரனுக்குத் தலைமுடியைப் பிய்த்துக்கொள்ளலாம் போலிருந்தது. பிய்க்கவும் அதிகம் பாக்கியில்லை. போதாக்குறைக்கு அந்த வெள்ளை அட்டை வேறு காணாமல் போயிருந்தது. டீ சிந்தி மூலையில் பிறைபோலக் கறை விழுந்த அட்டை. நாய் வந்த அன்று பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்த ஞாபகம். பையில் இல்லை, கடையில் இல்லை. காலண்டர் அட்டையைக் கிழித்து வைத்துச் சமாளித்தான்.

"நாய்க்கு ஒண்ணுமில்லீங்க," என்றாள் மனைவி. "அதுக்குக் கேக்குது, உங்களுக்குக் கேக்கல. ஊருக்கெல்லாம் டெஸ்ட் பண்றீங்களே, ஒருநாள் அந்த நாற்காலியில நீங்க உக்காருங்களேன்."

கோபத்தோடு போய் உட்கார்ந்தான். கடைக் கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டு, ஹெட்ஃபோனை மாட்டி, தனக்குத்தானே சோதனை. திரையில் கோடு சமமாகப் போய்க்கொண்டிருந்தது. ஒரே ஒரு சுருதியில் மட்டும், கிணற்றில் விழுந்ததுபோல் ஒரேயடியாக இறங்கி, மறுபடி ஏறியது. அந்த ஒரு பள்ளத்துக்குள் உலகத்தில் என்ன நடந்தாலும் அவனுக்குத் தெரியப்போவதில்லை. எத்தனை பேரிடம் 'ஒத்துக்கங்க, ஒண்ணும் தப்பில்ல' என்று தேன் ஒழுகச் சொல்லியிருப்பான்! அவன் ஒத்துக்கொள்ளவில்லை. கணினியை அணைத்தான்.

அன்றைக்கு மாலை மேனேஜர் நடுங்கியது. அவன் மணிக்கட்டைப் பிடித்திருந்த தாடை முழுவதும் படபடவென்று அதிர்ந்தது. அலமாரிக்கு முன் அது குப்புறப் படுத்துக்கொள்ள, அவன் அதைத் தாண்டிக் காலை வைத்து, கதவில் காதை ஒட்டினான். மரம் சில்லென்று இருந்தது. காதை எடுக்கும்போது கன்னத்தில் வேறு ஏதோ பட்டது. வெதுவெதுப்பு. ஈரம். விரலால் தடவினான். கதவிடுக்கில் ஒரே ஓர் இடத்தில் மட்டும், மூச்சு விட்ட கண்ணாடிபோல, மரம் வியர்த்திருந்தது.

அவன் வாய் உயரத்தில்.

அதற்குப் பிறகு கதவை அவன் திறக்கவில்லை. கயிற்றால் கைப்பிடிகளைக் கட்டினான். நாயைத் திருப்பிக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தான். மகனைக் கூப்பிட்டுக் கத்தியே விட்டான்: "நாளைக்கு சாயங்காலம் அப்பாவைக் கூட்டிட்டு வாங்க. மிஷினோட!"

மகன் பெரியவரை வாசலில் இறக்கிவிட்டு, வண்டியை நிறுத்த இடம் தேடிப் போனான். மேனேஜர் பெரியவரைப் பார்த்ததும் குட்டிபோல் முனகி, அவர் வேட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தது. காதுக்காரனுக்கு நெஞ்சு இளகியது. மூன்று பேருமே கொஞ்ச நேரம் மூக்கை உறிஞ்சினார்கள், நாயையும் சேர்த்துத்தான்.

பெரியவர் சட்டைப்பையிலிருந்து கருவியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"ஏங்கய்யா கழட்டி வச்சீங்க? நல்லா கேக்கலையா?"

"நல்லா கேக்குது தம்பி, அதான். மருமக பேசுறதெல்லாம் கேக்குது."

சிரித்தார்கள். காதுக்காரன் விஷயத்துக்கு வந்தான். மணிக்கட்டில் பதிந்திருந்த பல் தடத்தைக் காட்டினான். "இது என்ன பழக்கம் ஐயா? முட்டியில இடிக்குது, சரி. இப்படிக் கவ்வி இழுக்குதே, எதுக்கு? உங்க வீட்லயும் இப்படித்தானா?"

பெரியவர் அந்தத் தடத்தைத் தடவிப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது.

"மணிக்கு, குக்கருக்கெல்லாம் இடிக்கத்தான் செய்யும். நம்மளை ஒரு ஆள் கூப்பிட்டா மட்டுந்தான் கையைக் கவ்வும். என் சம்சாரம் பழக்கி வச்சது. அவ உள்ளேருந்து என்னைக் கூப்பிடுவா, இது வந்து கவ்விக் கூட்டிட்டுப் போகும். அவ போனதுக்கப்புறம் என்னைக் கூப்பிட யாரு இருக்கா? அதுலேருந்து இது கவ்வினதே இல்ல."

"போன இடத்துல குப்புறப் படுத்துக்குதே?"

"குப்புறவா?" பெரியவர் நாயைப் பார்த்தார். "அடுப்புல தீப்பிடிச்ச அன்னிக்கு அப்படிப் படுத்துச்சு. அதுக்கு மேல போகாதேன்னு அர்த்தம்."

மேனேஜர் எழுந்தது.

பெரியவரிடம் போகவில்லை. காதுக்காரனிடம் வந்தது. ஈரம். வெதுவெதுப்பு. இழுப்பு.

கூடம். நடை. பின்னறை. மாலை வெளிச்சம் அந்த அறையில் பாதிச் சுவரோடு நின்றது. பெரியவர் பின்னாலேயே வந்தார். நாய் படுத்துக்கொண்டது. கைப்பிடிகளில் கட்டிய கயிறு தரையில் கிடந்தது. அறுந்து அல்ல. முடிச்சை அவிழ்த்து, அழகாகச் சுருட்டி.

"ஐயா," என்றான் காதுக்காரன். குரல் அவனுக்கே அந்நியமாக இருந்தது. "எனக்கு ஒண்ணும் கேக்கல. உங்களுக்கு?"

பெரியவர் கதவுக்கு நேரே நின்றார். அவன் கற்றுக்கொடுத்ததுபோலவே விரலால் கருவியைத் திருகி, ஒலியைக் கூட்டினார். தலையைச் சாய்த்தார்.



பிறகு, ஏற்ற இறக்கமில்லாத அந்த ஒப்பிக்கும் குரலில் சொன்னார்:

"ஈரத்துணி கொடியில் காயுது."

காதுக்காரன் ஓரடி பின்னால் நகர்ந்தான்.

"மாடிப்படியில் பந்து உருளுது."

"ஐயா, போதும்."

"பச்சை விளக்கு எரியுது."

"ஐயா! யாரு பேசுறது? யார் குரல் அது?"

பெரியவர் திரும்பினார். ஏன் இதைக் கேட்கிறான் என்று புரியாதவர்போல அவன் வாயைப் பார்த்தார். மூடியிருந்த அவன் வாயை.

"உங்க குரல்தான் தம்பி."

அலமாரிக் கதவு ஒரு விரற்கடை திறந்திருந்தது. இடுக்கில் இருட்டு. இருட்டில், ஓர் ஆளின் வாய் இருக்கும் உயரத்தில், வெள்ளையாக ஒரு சதுரம். மூலையில் பிறைபோல டீக்கறை. அதைப் பிடித்திருக்கும் விரல்கள்.

பெரியவர் மறுபடி தலையைச் சாய்த்தார். கேட்டார். நல்ல மாணவர்போல, ஒரு சொல் விடாமல் திருப்பிச் சொன்னார்:

"உங்களை நானே வச்சுக்கிறேன். கவலைப்படாதீங்க."