கார்பைன் தெருவில் குறை இல்லை

மெர்வ் கல்லினன் அன்று காலை நன்றி சொன்னார்.

கிளெனிஸ் டிரான்டர் தன் காதில்தான் கோளாறு என்று நினைத்தாள். மொரண்டா உள்ளூர் வானொலியில் காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை நேயர்களோடு பேசும் நிகழ்ச்சியைப் பதினாறு வருஷமாக நடத்துகிறாள். அத்தனை வருஷத்தில் மெர்வ் யாரையும் திட்டாமல் போனை வைத்ததே கிடையாது. எண்பத்தோரு வயது. மூடிப்போன நிலக்கரிச் சுரங்கத்துக்கு நேர்மேலே, கார்பைன் தெருவில் வீடு. சமையலறைத் தரைக்கு அடியில் யாரோ தட்டுகிறார்கள், சுவரில் கை நுழைகிற அளவுக்கு விரிசல், மாநில அரசு என்ன தூங்குகிறதா என்று மூன்று வருஷமாகத் தினமும் ஒன்பது பத்துக்குக் கூப்பிடுவார்.

"எனக்கு ஒரு குறையும் இல்ல கிளெனிஸ்," என்றார் இன்று. "எல்லாம் நல்லா இருக்கு. நன்றி."

"என்ன மெர்வ், காலையிலயே ஊத்திக்கிட்டீங்களா?"

அவர் சிரிக்கவில்லை. காலித் தண்ணீர்த் தொட்டிக்குள் நின்று பேசுகிறவர்போல் குரல் சுற்றிச் சுற்றி முழங்கியது; அதற்குப் பின்னால் எங்கோ தண்ணீர் சொட்டியது; சொட்டுக்குச் சொட்டு நடுவில், பலர் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிற மாதிரி ஓர் அமைதி. இணைப்பு அறுந்தது.

மற்ற நாளாக இருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பாள். ஆனால் சனிக்கிழமை இடைத்தேர்தல். மூன்று வருஷம் கடிதம் எழுதி, நாற்பது தடவை "பரிசீலனையில் உள்ளது" என்ற பதிலை வாங்கி, கடைசியில் சுரங்கத்துறை அமைச்சர் பதினோரு மணிக்கு நேரலையில் பேசச் சம்மதித்திருந்தார். இன்றைக்குப் போய் மெர்வுக்கு நல்ல புத்தி வரவேண்டுமா?

அடுத்தது நொயலின் பாஸ்கோ. அதே தெரு. போன தேர்தலில் அமைச்சரின் கார்மேல் சுடச்சுட இறைச்சி அடைத்த ரொட்டியை வீசியடித்தவள். கிளெனிஸ் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"நொயலின், அவர்கிட்ட என்ன கேக்கப் போறே? சொல்லு."

"எனக்கு ஒரு குறையும் இல்ல கிளெனிஸ். எல்லாம் நல்லா இருக்கு. நன்றி."

அதே வார்த்தைகள். அதே சொட்டு.

பத்தரைக்குள் ஏழு பேர். ஏழும் கார்பைன் தெரு. கிளெனிஸ் ஒரு நாட்டுப்புறப் பாட்டைப் போட்டுவிட்டு, கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் போன் எடுக்கும் பெவனிடம் கத்தினாள்.

"கட்சிக்காரனுங்க வீடு வீடா போய் எழுதிக் குடுத்துட்டானுங்க! ஒரே வசனம்டா, கிளிப்பிள்ளை மாதிரி!"

"எழுதிக் குடுத்தா நொயலின் அதைக் கிழிச்சு அவனுங்க வாயிலயே திணிப்பாளே தலைவி," என்றான் பெவன். முப்பது வயது, எதற்கும் அலட்டிக்கொள்ள மாட்டான். இப்போது முகம் சுருங்கியிருந்தது. "திருப்பிக் கூப்பிட்டுப் பாத்தேன். ஒருத்தரும் எடுக்கல. ஏழு வீட்டுலயும்."

"எடுக்க மாட்டாங்க. வெக்கமா இருக்கும்."

"நான் ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வரேன். பத்து நிமிஷம்."

"போ. மெர்வை இழுத்துட்டு வா. அமைச்சர் முன்னால உக்கார வைக்கிறேன்."

பெவனின் வண்டி உறுமிக்கொண்டு கிளம்பிய சத்தம் ஓய்ந்ததும் கட்டடத்தில் அவள் மட்டும்தான். வெளியே நல்ல வெயில். கூரை ஓரத்தில் எப்போதும் சண்டை போடும் மேக்பை பறவைகள் ஏனோ வாயே திறக்கவில்லை. பழைய கம்பளத்தின் புழுதி, ஆறிப்போன காப்பி, சூடான கம்பிகள் என்று அந்த அறைக்கென்றே ஒரு வாடை உண்டு. அதற்கடியிலிருந்து இப்போது இன்னொன்று, ஈரக்கரியின் வாடை, கணுக்காலைத் தொட்டுக்கொண்டு குளிராக ஏறியது. அரசாங்க வரைபடப்படி சுரங்கம் நூலகத்தோடு முடிகிறது. வானொலி நிலையம் அதிலிருந்து இரண்டு தெரு தள்ளி. வரைபடமே பொய் என்று மெர்வ் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார்.

பத்து ஐம்பதுக்குப் பெவன் கைபேசியில் வந்தான். நேரலைக்கு விடாமல் காதொலிப்பானில் மட்டும் கேட்டாள்.

"தலைவி, எல்லா வீட்டுக் கதவும் திறந்து கிடக்கு."

"ஆளுங்க?"

"யாருமில்ல. மெர்வ் வீட்டுல டோஸ்ட் ஆறிக் கிடக்கு. வெண்ணெய் தடவி ஒரு கடிகூட கடிக்கல." மூச்சு வாங்கினான். "சமையலறைத் தரை... பலகை உடைஞ்சிருக்கு. கீழ்நோக்கி உடையல. மேல்நோக்கி உடைஞ்சிருக்கு. நொயலின் வீட்டுலயும் அப்படியே."

"பெவன், வெளிய வா. போலீசுக்கு நான் சொல்றேன். வெளிய வாடா!"

"இரு. கீழருந்து யாரோ என் பேரைச் சொல்லிக் கூப்பிடுறாங்க."

"உள்ள பாக்காத!"

பலகை முனகும் சத்தம். பிறகு ஒன்றுமில்லை.

போலீஸ் நிலையத்துக்கு அடித்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி அடித்தாள். சுவர்க் கடிகாரம் பதினொன்று காட்டியது. அமைச்சர் அலுவலகத்தின் தனி இணைப்பு தானாக நேரலைக்கு வந்தது.

"வணக்கம் மொரண்டா! கிளெனிஸ், ரொம்ப நாளா என்னைத் தேடுறீங்களாமே," என்றார் அமைச்சர், உற்சாகமாக.

"ஐயா, கார்பைன் தெருவுல ஆளுங்களைக் காணோம். ஏழு வீடு காலி. தரை உடைஞ்சிருக்கு. உடனே ஆள் அனுப்புங்க."

"பதட்டப்படாதீங்க. எங்க நிபுணர்கள் ரெண்டு தடவை ஆய்வு செஞ்சு..."

"ஆய்வை விடுங்க! என் ஆளு உள்ள மாட்டியிருக்கான்!"

நேயர் அழைப்புகளுக்கான பலகையில் இரண்டாவது விளக்கு எரிந்தது. பெவன் எண். பாய்ந்து அழுத்தினாள்.

"பெவன்! எங்கடா இருக்கே? அமைச்சர் கேக்குறார், சொல்லு!"

முழக்கம். சொட்டு.

"எனக்கு ஒரு குறையும் இல்ல கிளெனிஸ்," என்றது பெவனின் குரல். அவன் அவளை ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "எல்லாம் நல்லா இருக்கு. நன்றி."

அமைச்சர் வாய்விட்டுச் சிரித்தார். "பாத்தீங்களா? நான் சொல்லல, ஜனங்களே சொல்றாங்க! இது யாரு, உங்க நேயரா? ரொம்ப சந்தோஷம் தம்பி."

கிளெனிஸ் மறுபடி போலீஸ் நிலையத்துக்கு அடித்தாள். யாரும் எடுக்கவில்லை.

விளக்குகள் எரிந்தன. ஒன்று. மூன்று. நான்கு. ஐந்து. மெர்வ். நொயலின். இன்னும் பலர். எல்லோரும் ஒன்றாக, ஒரே தாளத்தில், நன்றி சொன்னார்கள். அமைச்சர் ஒவ்வொருவருக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆறாவது மட்டும் இருட்டு. அது நிலையத்தின் உள்தொலைபேசி. பெவனின் மேஜையில் இருப்பது.

கண்ணாடி வழியே பார்த்தாள்.

மேஜை சாய்ந்திருந்தது. அதற்கடியில் கம்பளம் குழிந்து, கிழிந்து, கிழிசல் விரிந்துகொண்டிருந்தது.

அதிலிருந்து ஒரு கை வந்தது. கரி பூசிய கை. அவசரமே இல்லை. முழங்கை வரை வந்தது. மடங்கியது. இன்னும் வந்தது.

அதே கையில் இன்னொரு முழங்கை.

விரல்கள் மேஜைமேல் ஏறின. காகிதங்களைத் தடவின. பேனாவைத் தடவின. காப்பிக் கோப்பையை ஒதுக்கி வைத்தன, சிந்தாமல்.

தொலைபேசியைக் கண்டுபிடித்தன.

"அடுத்த நேயர் யாரு கிளெனிஸ்?" என்றார் அமைச்சர்.

கை ரிசீவரை எடுத்தது. மெதுவாக, தூங்குகிற குழந்தையைத் தூக்குவதுபோல், கீழே கொண்டுபோனது. சுருள் கம்பி நீண்டது. நீண்டுகொண்டே போனது.

ஆறாவது விளக்கு எரிந்தது.