கொடியின் மறுமுனை

மருமகன் வரதன் ராயபுரத்தில் பிடித்திருந்த அறை எதுவென்று, மருத்துவச்சி பட்டம்மாளுக்கு வாசற்படியில் கால் வைத்தபோதுதான் தெரிந்தது. வெளியே உச்சிவெயில் கொளுத்தியது. உள்ளே இருட்டு, ஈரம். கருவாட்டு நாற்றத்துக்கு அடியில் பழைய ரத்தத்தின் வாடை.

போன வருஷம் இதே அறையில்தான் தேவப்பிரியம் என்ற பெண் பிள்ளை பெற்றாள். பிள்ளை வந்துவிட்டது, நஞ்சுக்கொடி வரவில்லை. காத்திருக்க வேண்டியதுதானே? பட்டம்மாளுக்குப் பொறுக்கவில்லை. பெரிய வீட்டுப் பிரசவத்துக்கு அழைத்துப்போக ஜட்கா வண்டி வந்து வாசலில் நின்றது. குமட்டினால் கொடி இறங்கும் என்று, தேவப்பிரியத்தின் சடையையே அவள் வாயில் வைத்தாள். அது வழக்கம்தான். கத்தாமல் கிடக்கட்டும் என்று தொண்டைவரை திணித்தது பட்டம்மாளின் கொழுப்பு. பிறகு கொடியைப் பிடித்து இழுத்தாள். வாயில் சடையோடே அந்தப் பெண் செத்தாள். பேய் அடித்துவிட்டது என்று சொல்லிவிட்டு மகராசி ஜட்காவில் ஏறிப் போனாள்.

இன்று தேவப்பிரியம் கிடந்த அதே மூலையில் பட்டம்மாளின் ஒரே மகள் அம்மு கிடந்தாள். காய்ச்சலில் முடியெல்லாம் கொட்டிப்போன தலை. பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது. தொப்புள்கொடியை அறுத்துப் பிள்ளையை மகளின் மார்பில் போட்டாள்.

நஞ்சுக்கொடி வரவில்லை.

இந்த முறை இழுக்கவே கூடாது. கொடி மேலே ஏறிவிடாமல் இருக்க, அதை நூலால் மகளின் தொடையோடு கட்டிவிட்டு உட்கார்ந்தாள்.

நூல் விறைத்தது.

உள்ளேயிருந்து யாரோ இழுத்தார்கள்.

நூல் அறுந்தது. கொடி வழுக்கிக்கொண்டு உள்ளே போயிற்று. பட்டம்மாள் பாய்ந்து பிடித்தாள். பிடித்தால் இழுப்பதாகும், விட்டால் போயே விடும். அவள் விடவில்லை.

“ம்மா, நோவுது. இய்க்காதம்மா.”

“நான் இய்க்கல, கண்ணு.”

அம்மு வாயில் எதையோ திணித்ததுபோல் குமட்டினாள்.

மறுமுனையில் பிடி விட்டது. நஞ்சு மொத்தமாகப் பட்டம்மாளின் மடியில் வந்து விழுந்தது. பின்னாலேயே ரத்தம், நிற்காமல். துணியை அடைத்து அடைத்துப் பார்த்தாள். அம்முவின் கை பிள்ளையை விட்டு நழுவியது.

மகளும் போனாள். பிள்ளையாவது மிஞ்சட்டும் என்று வாரி எடுத்தாள். அதற்கும் மூச்சுத் திணறியது. வாயில் அடைத்திருப்பதை எடுக்க விரலை விட்டாள்.

முடி.

ஈரமான சடையின் நுனி. இழுத்தாள். இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது.