பூஜ்யம் முதல் மூன்று வரை

வீல் என்று ஒரு குழந்தையின் அழுகை கேட்டு, சாப்பாட்டு மயக்கத்தில் நாற்காலியில் சரிந்திருந்த சிவசண்முகம் திடுக்கிட்டு நிமிர்ந்தார்.

குழந்தையில்லை என்பது அடுத்த நொடியே தெரிந்துவிட்டது. மூன்று வீறல், ஒரு விக்கல். மறுபடி மூன்று வீறல், ஒரு விக்கல். சிங்கப்பூர் பொம்மை. வாயில் சூப்பானை வைத்தால் சும்மா இருக்கும், பிடுங்கினால் அழும். அவரே எத்தனை பேருக்கு அழவைத்துக் காட்டியிருக்கிறார்! அண்ணாந்து மேல் தட்டைப் பார்த்தார். காலி. வந்தது பன்னிரண்டு, விற்றது பதினொன்று. பன்னிரண்டாவதை நேற்றுத்தான் மகள் மீனுவுக்கென்று வீட்டுக்குக் கொண்டுபோனார். பின்னே எது அழுகிறது?

அம்பாசமுத்திரம் கடைத்தெருவில் மதியம் இரண்டு மணிக்கு ஈ, காக்காய் கிடையாது. தகரக் கூரையின் சூட்டில் கடைக்குள் இருந்த டார்ச்சும் குடையும் பிளாஸ்டிக் பூவும் கொஞ்சம் கொஞ்சமாக வெந்து, மண்ணெண்ணெயும் சர்க்கரையும் கலந்தது போல ஒரு வாடையை விட்டுக்கொண்டிருந்தன. ஒரு வருஷமாக அந்த வாடை அவர் சட்டையிலும் சோற்றிலும் ஏறிவிட்டது, தீராத தலைவலியும் கூடவே வந்துவிட்டது. சாமானெல்லாம் மெட்ராஸிலிருந்து மூட்டையாக வரும். எந்த ஊர் என்று கேட்டால் சிங்கப்பூர் என்பார். நிஜமாக எந்த ஊர் என்று அவருக்கும் தெரியாது.

அழுகை தெருவிலிருந்து படியேறி வந்தது. அதைத் தூக்கிக்கொண்டு ஒரு பெண். எண்ணெய் காணாத தலை, கையில் மஞ்சள் பை. பத்தமடைக்காரி. கலையரசி. பத்து நாளைக்கு முன்னால் இடுப்பில் ஒரு பையனோடு வந்து, சிரிக்கச் சிரிக்கப் பேரம் பேசியவள்.

"சூப்பானை வாயில வையும்மா, நிறுத்திரும்."

"சூப்பான் இல்ல அண்ணாச்சி. அது ஒண்ணு கேக்கத்தான் வந்தேன்."

"அது தனியா வராதே. பேட்டரியக் கழத்திப் போட வேண்டியதுதான?"

அவள் பையிலிருந்து பொம்மையை எடுத்து மேஜைமேல் குப்புறப் போட்டாள். முதுகில் மூடி இல்லை. இரண்டு குழியும் காலி. சுருள் கம்பிகள் மட்டும் பளபளத்தன.

பொம்மை அழுதுகொண்டிருந்தது.

"கழத்தி மூணு நாளாச்சி" என்றாள்.

உள்ளே கொஞ்சம் கரண்ட் தங்கியிருக்கும் என்று சொல்ல வாயெடுத்தார். மூன்று நாளா? மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது, ஆனாலும் மேஜையில் கிடந்த ஒரு அட்டையை எடுத்து விசிறிக்கொண்டார்.

"சூப்பானை எங்க தொலைச்ச?"

"தொலைக்கல. பிள்ளைட்ட இருக்கு."

"பிள்ளைட்டருந்து வாங்கி வைக்கிறதுக்கென்ன?"

"பிள்ளைய ஆத்தங்கரையில பொதைச்சாச்சி அண்ணாச்சி."

அவள் அழவில்லை. அழுது முடித்தவர்களின் குரல் அது. ரேஷன் வரிசையில் நிற்பவள் போல மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வாயில போட்டு உள்ள இழுத்துட்டான். தொண்டையில அடைச்சா பிள்ளைக்குச் சத்தம் வராதாம், ஆஸ்பத்திரியில சொன்னாவ. எனக்கு எப்படித் தெரியும்? நான் பின்னால பாத்திரம் விளக்கிட்டிருந்தேன். அழுகை கேக்கத்தான் செஞ்சிது. பொம்மைதான அழுவுதுன்னு... மிச்சம் இருந்த ரெண்டு சட்டியையும் விளக்கிட்டுத்தான் எந்திரிச்சேன்."

விசிறிக்கொண்டிருந்த அட்டை சிவசண்முகத்தின் கையில் நின்றது.

"டாக்டரம்மா பெட்டியக் கொண்டாரச் சொல்லிப் பாத்தாவ. மூணு வயசுக்குள்ள கொடுக்கக் கூடாதுன்னுல்லா போட்டிருக்கு, உனக்குப் படிக்கத் தெரியாதான்னு கேட்டாவ. எனக்குத் தெரியாது. நீங்க படிச்சுத்தான சொன்னிய?"

அவர் கையில் விசிறியாக இருந்த அட்டை, நேற்றுப் பிரித்த பொம்மைப் பெட்டியின் மூடிதான். திருப்பிப் பார்த்தார். ஒரு வட்டம். வட்டத்துக்குள் குழந்தை முகம். பக்கத்தில் 0-3. மேலே குறுக்காக ஒரு சிவப்புக் கோடு. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் பார்த்து முடித்த பக்கத்தில் சிவப்பு மையால் இப்படித்தான் ஒரு கோடு இழுப்பார். பார்த்தாயிற்று, சரி என்று அர்த்தம். இதுவும் கம்பெனிக்காரன் சோதித்துப் போட்ட கோடு என்றே நினைத்திருந்தார். "பூஜ்யத்துல இருந்து மூணு வயசு வரைக்கும் கொடுக்கலாம், பெட்டியிலயே போட்டிருக்கான்" என்று பதினொரு பேரிடம் கூசாமல் சொல்லியிருந்தார்.

பதினொரு பேர். அப்புறம் பன்னிரண்டாவது.

மீனுவுக்கு ஒன்றரை வயது. கல்யாணமாகிப் பதினான்கு வருஷம் கழித்து, நாற்பத்தாறு வயதில் அவருக்குப் பிறந்த ஒரே பிள்ளை. நேற்று அதன் கையில் பொம்மையைக் கொடுத்தபோது பேட்டரி இல்லை. நாளைக்குக் கொண்டுவருகிறேன் என்று மனைவி காந்திமதியிடம் சொல்லியிருந்தார். அந்த இரண்டு பென்சில் பேட்டரியும் இப்போது சட்டைப்பையில் கிடந்தன.

"உனக்கு ரூவாயைத் திருப்பித்..."

"அதுக்கு வரல. இது வாய மூடணும். வீட்டுல ஒருத்தரும் உறங்கல. ஆத்துல போட்டேன், தண்ணிக்குள்ளருந்து கேக்குது. திரும்ப எடுத்துட்டு வந்துட்டேன்."

அப்போது பொம்மை நிறுத்தியது.

பட்டென்று. இரண்டாவது வீறலின் பாதியில், யாரோ வாயில் எதையோ வைத்தது போல. கலையரசி குனிந்து அதன் வாயைப் பார்த்தாள். காலியாகத்தான் இருந்தது.

"நிறுத்திட்டுதே" என்றாள் மெதுவாக. "இங்கன நிறுத்திட்டு, எங்க போச்சி?"

சிவசண்முகம் கடையைப் பூட்டவில்லை. சைக்கிளை எடுத்தார்.

வீடு ஆற்றுக்கு அக்கரையில், கல்லிடைக்குறிச்சியில். போன் கிடையாது. பாலத்தின்மேல் எதிர்காற்று நெஞ்சில் கைவைத்துத் தள்ளியது. கீழே தாமிரபரணி பாறைகளுக்கிடையே சோர்ந்து ஓடியது. கரையோரம் ஓரிடத்தில் மட்டும் புதுமண் கறுப்பாகக் குவிந்திருப்பது போலத் தெரிந்தது. அவர் அந்தப் பக்கம் பார்க்காமல் மிதித்தார். பாலத்துக்கப்பால் ஏதோ ஒரு வீட்டுக்குள் ஒரு அழுகை. பிள்ளையா? பொம்மையா? யாருக்கு விற்றோம்? நினைவில்லை. நிற்க நேரமில்லை. கால் கடுத்தது. செயின் கழன்றது. மாட்டினார். கையெல்லாம் கறுப்பு மசகு.

தெரு திரும்பினார்.

கேட்டது.

மூன்று வீறல். ஒரு விக்கல்.

அவர் வீட்டிலிருந்து.

சைக்கிள் எங்கே விழுந்தது என்று தெரியாது. வாசல் திறந்திருந்தது. சட்டைப்பையைத் தொட்டார். இரண்டு பேட்டரியும் இருந்தன. உடம்புச் சூட்டில் வெதுவெதுப்பாக.

மூன்று வீறல். ஒரு விக்கல்.

கூடத்தில் வெயில் ஒரு கட்டமாக விழுந்திருந்தது. அதன் நடுவில் பொம்மை. மல்லாந்து. வாய் திறந்து. வாயில் ஒன்றுமில்லை.

அதற்கப்பால் மீனு. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். நெற்றி சுவரில் சாய்ந்திருந்தது. முதுகு அசையவில்லை.

மசகுக் கையை அவள் தோளை நோக்கி நீட்டினார்.

புறவாசலில் பாத்திரம் விளக்கும் சத்தம் ஒரு கணம் நின்றது. காந்திமதி அங்கிருந்தே கேட்டாள்:

"யாரு, நீங்களா? என்னத்துக்கு இப்படி ஓடியாறிய? பிள்ளை சத்தமே காட்டாம விளையாடுதா. பொம்மைதான் அழுவுது."