கண்ணாடி எழுத்து

திருத்தங்கல் பஸ் ஸ்டாப்பில் மழைக்கு ஒதுங்கி நின்றவள் மேல் சேற்றை வாரி இறைத்துவிட்டுப் போனது அந்த பைக்.

"ஏங்க! கண்ணை எங்க வச்சுட்டு ஓட்டுறீக?" பெர்சிஸ் கத்தினாள்.

பைக் திரும்பி வந்தது. "அய்யோ... தெரியாமப் பட்டுருச்சு. இந்தாங்க, தொடைங்க." அவசரமாக ஒரு துணியை உருவிக் கொடுத்தான். துடைத்தாள். மாம்பழ நிறச் சேலையில் சேறு போய்... நீலம் வந்தது. அச்சு மெஷின் துடைக்கிற துணி!

"அழுக்கத் தொடைக்கக் குடுத்தீகளா, என் சேலையில கலர் அடிக்கக் குடுத்தீகளா?"

அவன் சிரித்துவிட்டான். இமையில் மழைத்துளி நின்ற அந்தக் கண்கள்... சே, கோபப்பட வேண்டிய நேரத்தில் கண்ணைப் பார்க்கிறாளே! நல்லவேளை, பஸ் வந்துவிட்டது.

அவள் சிறப்பாசிரியை. செவ்வாய்தோறும் இந்த பஸ்ஸில் ஒரு ஆரம்பப் பள்ளிக்கு வருவாள். இன்று நாலு மணிக்குள் ஒரு பெயரை, வீட்டார் கையெழுத்திட்ட படிவத்தோடு வட்டார வள மையத்துக்கு அனுப்பியாக வேண்டும். நாளை அங்கே, எழுதப் படிக்கத் திணறும் பிள்ளைகளுக்கான மதிப்பீட்டு முகாம். விட்டால் அடுத்த வருஷம்தான். மூன்றாம் வகுப்பு கிருபாவுக்கு அப்பா இல்லை. அம்மாவுக்கு நாரணாபுரம் பட்டாசுக் கம்பெனியில் வேலை, சீசன் நேரம், லீவு கிடையாது. என் தம்பியை அனுப்புகிறேன், அவன் கையெழுத்துப் போட்டால் நான் போட்ட மாதிரி என்று போனில் சொல்லியிருந்தாள்.

மூன்றரைக்கு வாசலில் நிழல் தட்டியது. தம்பி வந்துவிட்டான்.

"நீங்களா!" இருவரும் ஒரே நேரத்தில்.

கிருபாவின் தாய்மாமன் ஜாபஸ். அவன் பார்வை முதலில் சேலையிலிருந்த நீலக் கறைக்குத்தான் போனது. பெர்சிஸ் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு, கிருபாவின் நோட்டை நீட்டினாள். எழுத்தெல்லாம் இடம் வலமாகத் திரும்பிக் கிடந்தது.

ஜாபஸ் தடங்கலே இல்லாமல் வாசித்தான். "'மாமா பைக்கில் வந்தார்.' சரியாத்தான எழுதிருக்கா? எங்க பிரஸ்ல கேலண்டருக்குத் தங்க எழுத்து அடிக்கிற அச்சு பிளாக்குல இப்பிடித்தான் திரும்பி இருக்கும். எம் மருமக பொறக்கும்போதே பிரஸ்காரி, டீச்சர்!"

எவ்வளவு பெருமை அந்த முகத்தில்! வேறு நேரமாக இருந்தால் அவளும் சிரித்திருப்பாள்... கடிகாரத்தில் மூன்று நாற்பது.

"வாசிக்கச் சொன்னா வயிறு வலிக்குதுங்கிறா. நேத்து பாத்ரூம்ல ஒளிஞ்சுக்கிட்டாளாம். தெரியுமா உங்களுக்கு?"

அவன் சிரிப்பு அணைந்தது. "அதுக்கு? கிறுக்குப் பிள்ளைன்னு முத்திரை குத்தணுமா?"

"அவளுக்கு அறிவு கொறச்சல்னு யாரு சொன்னா? கண்ணு, காது ரெண்டும் பாத்தாச்சு, நல்லா இருக்கு. வாய்க்கணக்குல கிளாஸ்ல அவதான் முதல். எழுத்து மட்டும் பிடிபடல. என்னன்னு சோதிச்சுட்டா வேற விதமாச் சொல்லிக் குடுக்கலாம். பரீட்சையில கூடுதல் நேரம் கேக்கலாம்."

"ஊரு அப்பிடிப் பேசாது." எழுந்துவிட்டான்.

பெர்சிஸுக்கு எரிச்சல் பொங்கியது. படிவத்தை அவன் முன்னால் வைத்தாள். "படிச்சுப் பாருங்க. கிறுக்குன்னு ஒரு வார்த்தை இருக்கா இதுல?"

அவன் குனிந்தான். விரல் முதல் சொல்லுக்குக் கீழே போய் நின்றது. நகர்ந்தது... திரும்ப அதே இடத்துக்கு வந்தது. நெற்றியில் வியர்வை. அந்த விரலை அவள் பார்த்திருக்கிறாள். செவ்வாய்தோறும் கிருபாவின் பாடப்புத்தகத்தில்.

அவள் கோபம் போன இடம் தெரியவில்லை.

"உங்களுக்கும்... ஸ்கூல்ல வயிறு வலிச்சுச்சா?" மெல்லக் கேட்டாள்.

அவன் விரலைப் படிவத்திலிருந்து எடுத்தான். மூன்று ஐம்பது.

"அஞ்சாங் கிளாஸோட நின்னுட்டேன். மண்டு மண்டுன்னு அடி... பிளாக்குலதான் எழுத்து எனக்கு அடங்குச்சு. ஒவ்வொண்ணாத் தடவித் தடவிப் படிச்சேன்." கிருபாவின் நோட்டைத் தடவினான். "எனக்கு நீங்க வரலையே டீச்சர்."

பெர்சிஸ் படிவத்தை எடுத்து, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை நிதானமாக வாசித்துக் காட்டினாள். அவன் பேனாவை வாங்கினான். மூன்று எழுத்துப் பெயர்... மூன்று எழுத்தும் முடிய அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பெயரும் படிவமும் போனில் போய்ச் சேர்ந்தபோது மணி மூன்று ஐம்பத்தெட்டு.

சோதனையில் கற்றல் குறைபாடு என்று உறுதியானது. அதன்பிறகு செவ்வாய்க்கிழமைகளில் கிருபா மணல் தட்டில் எழுத்துகளை விரலால் எழுதிப் பழகினாள். வயிற்றுவலி வருவது குறைந்தது. அழைத்துப்போக வரும் மாமன்தான் மழை விடட்டும், கூட்டம் குறையட்டும் என்று ஏதாவது சாக்கு சொல்லி நின்றான். அவளும் போகச் சொல்லவில்லை.

தீபாவளி கழிந்த ஒரு செவ்வாய். மழை விட்டுத் தூறல். பள்ளி கேட் அருகே ஒரு அட்டையை நீட்டிவிட்டு ஜாபஸ் வேறெங்கோ பார்த்தான். நீல மையில், திரும்பிய எழுத்துகள்.

"இது எனக்குப் படிக்கத் தெரியாதே..."

"பைக்குல கண்ணாடி இருக்கு."

அட்டையைக் கண்ணாடியில் காட்டினாள். 'உங்களப் பிடிச்சிருக்கு. நான் மெதுவாத்தான் படிப்பேன். காத்திருப்பீகளா?'

எழுத்து கலங்கியது. மழையா, கண்ணா... தெரியவில்லை. இத்தனை வாரமும் தான் காத்துக் கிடந்தது இதற்குத்தானே!

பேனாவை எடுத்தாள். அட்டையின் பின்பக்கம் நாக்கைக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகத் திருப்பித் திருப்பி எழுதிக் கொடுத்தாள்.

அவனுக்குக் கண்ணாடி தேவைப்படவில்லை. ஒரே பார்வையில் படித்தான். 'காத்திருக்கேன்.'

முகமெல்லாம் சிவந்துபோய் நிமிர்ந்தான். "டீச்சர்... துணைக்காலு அந்தப் பக்கம் வரணும். தப்பாப் போட்டுட்டீக."

"அப்ப உக்காந்து சொல்லிக் குடுங்க," என்றாள் பெர்சிஸ்.